பானெட் திறந்தால் வருபவர்

கரிசல் காட்டில் மழைக்குக் காத்திருக்க வேண்டும், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. காரை ஓரங்கட்டி பானெட்டைத் தூக்குங்கள், போதும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேலிக்கருவைதான் என்று நினைத்திருப்பீர்கள், அதற்குள்ளிருந்தே வந்துவிடுவார். அவர்தான் பானெட் வைத்தியர். மெக்கானிக்கா என்று கேட்டு அவரைக் கேவலப்படுத்தாதீர்கள். மெக்கானிக்குக்கு ஒரு வேலைதான் தெரியும்.

வைத்தியத்துக்கு முறை உண்டு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இஞ்சினை எட்டிப் பார்ப்பார். உச்சுக் கொட்டுவார். கடைசியாக இதில் கை வைத்தது யார் என்று விசாரிப்பார். நீங்கள் பெயரைச் சொன்னதும், "அவனா?" என்பார். அதிலேயே உங்களுக்குப் பாதி உயிர் போய்விடும். வண்டி சூடாகிறது என்றால் வாட்டர் பம்ப் என்பார், அது இல்லையென்றால் கேஸ்கெட் என்பார், தூத்துக்குடியில் மச்சினன் கார் இதே மாதிரி நின்று கடைசியில் இஞ்சினையே இறக்கிய கதையைச் சொல்லுவார், சொல்லிக்கொண்டே கொதிக்கிற குழாயைத் தொட்டு, வெடுக்கென்று கையை இழுத்து, சூடாகத்தான் இருக்கிறது என்று தீர்ப்பும் வழங்குவார். ஆவி பறக்கும் வண்டிக்கு இதைவிட நுட்பமான பரிசோதனை உண்டா?

2003 தை மாதம் கழுகுமலை ரோட்டில் எபநேசர் இப்படி ஒருவரிடம் மாட்டினார். புதிதாக வாங்கிய பழைய காரில் மகள் ஜீனாவைக் கோவில்பட்டிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேலைக்கு நேர்முகத் தேர்வு. பத்து மணிக்கு மேல் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். வழியெல்லாம் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். களத்தில் அடிக்க வேண்டியதை வண்டிச் சக்கரத்தின் தலையில் கட்டுவது நம் பக்கத்துச் சாமர்த்தியம். கார் மிதித்துக்கொண்டே வந்தது. பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானெட் திறந்தது. வேல்சாமி வந்தார்.

கோவில்பட்டி பஸ்ஸும் வந்தது. ஜீனா கையைக் காட்டினாள். வேல்சாமி அவளைவிட உயரமாகக் கையைத் தூக்கி, போகலாம் என்று டிரைவருக்கு உத்தரவு கொடுத்தார்.

"பஸ் எதுக்கு தாயி? அஞ்சே நிமிசம். தெர்மோஸ்டாட்டைக் கழத்தி எறிஞ்சா கிளம்பிரும். நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு அண்ணாச்சி?"

தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று எபநேசருக்குத் தெரியாது. வேல்சாமிக்கும் தெரியாது என்பது, அவர் தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அந்தத் தேடலில் இன்னொரு பஸ் போனது. ஆறட்டும், ஆறட்டும் என்று எபநேசர் கெஞ்சக் கெஞ்ச, தோள் துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார் வைத்தியர். துண்டு ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், வேல்சாமி ஒரு பக்கம். இருந்த தண்ணீரெல்லாம் பீய்ச்சியடித்து ரோட்டோடு போயிற்று. நல்லவேளை, கை வேகவில்லை. வாயும் வேகவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஜீனாவுக்கு அழுகை முட்டியது. அதை மறைக்கக் காருக்கு முன்னால் குனிந்தவள், கிரில் இடுக்கில் விரலை விட்டு ஒரு பிடி உளுந்துச் சருகை இழுத்தாள். பிறகு இன்னொரு பிடி. காற்றுப் புக இடமில்லாமல் ரேடியேட்டரின் முகம் முழுக்க அதுதான் அப்பிக் கிடந்தது.

"இதைத்தானப்பா எடுத்திருக்கணும்?" என்றாள்.

"அதைத்தான தாயி நான் மொதல்ல இருந்து சொல்லுதேன்," என்றார் வேல்சாமி. ரோட்டில் கிடந்த உளுந்து அவருடையது.

தண்ணீர் இல்லாத காரை அங்கேயே விட்டு, அப்பாவும் மகளும் அடுத்து வந்த பஸ்ஸில் ஏறினார்கள்.

சரி, ஒன்று கேட்கிறேன். சருகு அடைத்ததற்கே இவ்வளவு சூடு ஏறுமா, ஃபேன் ஓடியதா என்றல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று உங்கள் வாய்வரைக்கும் வந்துவிட்டதா? வரும். அந்தப் பெண் பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தாளா என்ற கேள்வி மட்டும் வந்திருக்காது.

சேரவில்லை.