நூற்றுக்கு நூறு டாக்டர்

எதையும் சதவீதத்தில் சொன்னால்தான் நம்பும் ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. உங்களுக்கும் தெரிந்தவர்தான். மழை வருமா என்று கேட்க மாட்டார். எத்தனை சதவீதம் என்பார். பல் பிடுங்கப் போனால், நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, இதுவரை எத்தனை பல்லை உடையாமல் எடுத்திருக்கிறீர்கள் என்று விசாரிப்பார். பல் டாக்டர் அவரை வாயை அகலத் திறக்கச் சொல்வது பரிசோதனைக்காக மட்டும் அல்ல.

அப்படிப்பட்ட ஒருவரின் அத்தானுக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. பதினைந்து நாளுக்குள் பைபாஸ் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அத்தானுக்கு வயது எழுபத்தொன்று. இருபது வருடச் சர்க்கரை. கிட்னியும் கொஞ்சம் மக்கர். எங்கே சேர்ப்பது என்று அக்கா அழுதாள். நம்மவருக்குப் புது ரத்தம் பாய்ந்தது. ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளையெல்லாம் போனில் பிடித்து, பிழைத்தவர்கள் எத்தனை, தையல் பிரிந்தவர்கள் எத்தனை, மறுபடி வந்து படுத்தவர்கள் எத்தனை என்று துளைத்தெடுத்து, கட்டம் போட்டு, பச்சை மையில் கூட்டிக் கழித்து, நாலு நாளைத் தின்றுவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறதுதான் நூத்துக்கு நூறு. போன வருஷம் ஒருத்தர்கூடச் சாகல."

"நம்ம பக்கத்துல இருக்கறது?"

"தொண்ணூத்தி நாலு. அதப் பத்திப் பேசாதக்கா."

மறுநாளே ஆற்றைத் தாண்டிப் போனார்கள். நூற்றுக்கு நூறு டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் அவருடைய நாற்காலி சற்றே பின்னால் போனது. "இவருக்கு ஆபரேஷன் வேணாம். மாத்திரையிலயே ஓட்டலாம்" என்றார்.

நம்மவர் பூரித்துப்போனார். "பாத்தியாக்கா? பெரிய டாக்டர்னா பெரிய டாக்டர்தான்."

அறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் அத்தான் மூன்று முறை நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அக்கா அதைப் பார்த்தாள். ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸிடம் நேராகப் போனாள்.

"உண்மையச் சொல்லும்மா. இவர் யாருக்குத்தான் ஆபரேஷன் பண்ணுவாரு?"

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "வயசு கம்மியா, சுகர் இல்லாம, கிட்னி நல்லா இருந்தா ஒடனே பண்ணிடுவாரு."

"அவ்வளவு நல்லா இருந்தா நாங்க ஏம்மா இங்க வர்றோம்?"

அன்று மாலையே தொண்ணூற்று நாலுக்குப் போனார்கள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக நம்மவர் கேட்டார்: "நூத்துல அந்த ஆறு பேருக்கு என்னாச்சு டாக்டர்?"

அந்த டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "மத்த எடத்துல வேணாம்னு அனுப்புனவங்களையும் நாங்க சேத்துக்கறோம். அதுல சில பேரக் காப்பாத்த முடியல. இவருக்கும் ஆபத்து இருக்கு. ஆனா பண்ணாம விட்டா அதவிட ஆபத்து."

நம்மவர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். அக்கா அவர் சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவைப் பிடுங்கி, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்த நம்மவர் பிறந்ததிலிருந்து முதன்முறையாக எந்தக் கணக்கும் போடவில்லை. அத்தான் கண்ணைத் திறந்தால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். மனிதர் நல்லவர்தான், பாவம்.

அத்தான் கண்ணைத் திறந்தார். இப்போது மாடிப்படி ஏறுகிறார். மச்சினனைத் திட்டும்போது மூச்சு வாங்குவதுகூட இல்லை. நம்மவர் மட்டும் என்ன, சளைத்தவரா? விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. "அந்த ஆஸ்பத்திரியா? எங்க குடும்பத்துல அதுக்கு நூத்துக்கு நூறு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அறுத்தது ஒருவரை, பிழைத்தது ஒருவர், கணக்கு சரிதானே?

சிரிக்காதீர்கள். உங்கள் சொந்தபந்தத்தில் இப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று இப்போது மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களே, அதில் உங்களைச் சேர்த்துக்கொண்டீர்களா, அல்லது அந்த நூற்றுக்கு நூறு டாக்டரைப் போல உங்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டீர்களா?