ஐம்பத்திரண்டு வாரமும் ஐம்பத்தோரு எடையும்

மூன்றாவது முறையும் கணினித் திரையில் அதே சிவப்பு எழுத்துதான் வந்தது. முதல் பட்டியலில் 52, இரண்டாவது பட்டியலில் 51, அளவு பொருந்தவில்லை. அதற்கு மேலே, கோடு எதுவும் இல்லாத வெறும் கட்டம்.

விலங்குக் காட்சிசாலையின் பதிவு அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி ஐந்து நிமிடம். பதினொன்றுக்குக் குழு வருகிறது. நீர்யானை பீப்பாவுக்குப் பெரிய குளம் வெட்ட இடம் ஒதுக்குவதா வேண்டாமா என்று இன்றைக்கு முடிவாகும். இப்போதிருக்கும் தொட்டியில் பீப்பா ஒருமுறை திரும்பிப் படுத்தால் பாதித் தண்ணீர் வெளியே வந்துவிடும். ஆனால் குழு வாய்ப்பேச்சை நம்பாது. ஓராண்டு எடையை வரைபடமாகக் கேட்டிருந்தது.

போன மாதம் இயக்குநரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவரும் இவரேதான். "கையால எதுக்கு சார் வரையணும்? நான் புரோகிராம் எழுதித் தர்றேன். ஒரு பட்டனைத் தட்டினா கோடு தானா வந்து நிக்கும்." அதோடு விட்டாரா? தான் சேமிக்கும் படம் அடுத்த நொடியே இயக்குநர் அறைப் பெரிய திரையில் தெரியும்படி ஏற்பாடும் செய்து கொடுத்தார்.

இப்போது பட்டனைத் தட்டித் தட்டி விரல்தான் வலித்தது.

தேதிகள் ஐம்பத்திரண்டு, சரி. எடைகள் ஏன் ஐம்பத்தொன்று? எடையை வாராவாரம் நோட்டில் எழுதுபவர் நீர்யானைப் பராமரிப்பாளர். இருபது வருட சர்வீஸ். அவருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொட்டியில் இறங்கும்போது அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார், போனும் சட்டைப் பையிலேயே தொங்கும்.

'ஒண்ணுதானே அதிகம்' என்று நினைத்துக் கடைசித் தேதியை வெட்டினார். சிவப்பு எழுத்து போகவில்லை, இடம்தான் மாறியது. இப்போது எடையோடு சேர்த்து வரைய வைத்திருந்த தீனிப் பட்டியல் ஐம்பத்திரண்டாம். அதன் வாலையும் வெட்டினார். கோடு வந்துவிட்டது. எடைக்கு நீலம், தீனிக்குப் பச்சை. அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த மூச்சை முழுதாக விடுவதற்குள் கால்நடை மருத்துவர் உள்ளே வந்து, அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

"காய்ச்சல்ல அது தீனி எடுக்காம கிடந்துச்சே, அது முப்பத்து மூணாவது வாரம்."

"ஆமா டாக்டர். பச்சைக் கோடு அங்கதான் இறங்குது."

"எடை முப்பத்திரண்டுலயே இறங்குதே. சாப்பாட்டை நிறுத்துறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எப்படி இளைச்சுது? கவலையிலயா?"

அலுவலருக்கு உறைத்தது. விடுபட்ட எடை கடைசியில் இல்லை, நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த எடையெல்லாம் ஒரு வாரம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பத்தொன்பதாவது வாரத்தில் எண் இல்லை, ஒரு சின்னக் கோடு மட்டும் கிழித்திருந்தது. புரோகிராம் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிருக்கிறது.

மணி பத்து முப்பத்தைந்து. வெட்டிய வால்களை ஒட்டவைத்துவிட்டு, பத்தொன்பதாவது இடத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டுச் சேமித்தார். ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்திரண்டு. சிவப்பு எழுத்தே இல்லை.

மேசைத் தொலைபேசி அடித்தது. இயக்குநர்.

"பீப்பா எப்போ செத்துச்சு?"

"சாகலை சார். காலைல கூட பார்த்தேனே."

"பத்தொன்பதாவது வாரம் கோடு தரையைத் தொடுது. எடை பூஜ்யம்னு இருக்கு."

"அது... ஒரு வாரம் மட்டும்தான் சார்."

"ஒரு வாரம் மட்டும் செத்துச்சா?"

"இதோ மாத்திடறேன் சார்."

முந்தின வாரத்தையும் அடுத்த வாரத்தையும் கூட்டிப் பாதியாக்கிப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அவசர அவசரமாகக் கூட்டினார். பாதியாக்க மறந்துவிட்டார். சேமித்தும் விட்டார். கோடு கோபுரம் மாதிரி எழும்பி நின்றது.

மறுபடியும் தொலைபேசி.

"இப்ப ரெண்டு மடங்கு காட்டுது. கர்ப்பமா?"

"அது ஆண் சார்."



"ஆண்னு எனக்கும் தெரியும். குழுத் தலைவி படியேறி வந்துட்டு இருக்காங்க. அதை அவங்களுக்கு உட்கார்ந்து விளக்குற நிலைமைக்கு என்னைக் கொண்டுபோகாதீங்க."

கழுத்தில் வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சரியாகப் பாதியாக்கினார். ஆயிரத்து இருநூற்றுப் பத்து கிலோ. கோடு சமர்த்தாகச் சேர்ந்துகொண்டது. சேமிக்கப் போன கையை மருத்துவர் நிறுத்தினார்.

"அது எடை போட்டுப் பார்த்த எண் இல்லையே. நீங்களா போட்டது."

"ஒரே ஒரு எண் டாக்டர்."

"ஒண்ணு பொய்யின்னு தெரிஞ்சா, மத்த ஐம்பத்தொண்ணையும் நம்புவாங்களா? பாவம், பராமரிப்பாளர் மழைன்னு பார்க்காம வெயில்னு பார்க்காம எடுத்து வச்சது."

அலுவலருக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த எண்ணை அழித்தார். அந்த இடத்தைக் காலியாகவே விடும்படி புரோகிராமைத் திருத்தினார். கோடு பத்தொன்பதில் அறுந்து, இருபதில் மறுபடி தொடங்கியது. அசிங்கமாகத்தான் இருந்தது. உண்மையாவது மிஞ்சட்டும் என்று சேமித்துவிட்டு, தூக்கு மேடைக்குப் போகிறவர் போல இயக்குநர் அறைக்கு நடந்தார். துணைக்கு மருத்துவரும் வந்தார்.

குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார். பேனாவால் மேசையில் தட்டினார். அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் அலுவலரின் நெற்றிப் பொட்டில் விழுந்தது.

"எத்தனையோ காட்சிசாலை பார்த்துட்டேன்" என்றார் கடைசியில். "நீர்யானையை யாரும் வாராவாரம் எடை போட்டுப் பார்த்ததில்லை. அதை அசைக்கிறதே பெரும்பாடு. நீங்க ஐம்பத்தோரு வாரம் எடுத்திருக்கீங்க. எடுக்காத வாரத்தை மறைக்காம காலியாவும் விட்டிருக்கீங்க. இந்த நேர்மைக்காகவே குளம் குடுக்கலாம்."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருத்துவர் அலுவலரைப் பார்த்துத் தலையசைத்தார். அலுவலருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பேப்பர்ல எழுதிக்க ஒரு காரணம் மட்டும் வேணும்" என்றார் தலைவி. "அந்தப் பத்தொன்பதாவது வாரம் என்ன ஆச்சு?"

பராமரிப்பாளரைக் கூட்டிவர ஆள் போனது. சுருட்டிவிட்ட கால்சட்டையில் தண்ணீர் சொட்ட, தரைவிரிப்பை மிதிக்காமல் வாசலிலேயே நின்றார் அவர்.

"என்னண்ணே, அன்னைக்கு லீவுல இருந்தீங்களா?" அலுவலர் பதிலைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

"இல்லைங்களே. இங்கதான் இருந்தேன்."

"பரவாயில்லை, பயப்படாம சொல்லுங்க" என்றார் தலைவி. "எதனால அந்த ஒரு வாரம் மட்டும் எடை எழுதலை?"

பராமரிப்பாளர் ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஒரு வாரம் மட்டும்தாம்மா அது நெஜமாவே தராசுல ஏறிச்சு, கால் வச்சதுமே தராசு உடைஞ்சுபோச்சு, அதான் எழுத முடியலை."