ஜன்னலோர முழங்கால்

இந்த முறை ஜன்னல் சீட்டை எவனுக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மாஸ்டர் சபதம் போட்டார். சமையலறை வாசலில் நின்று, கையை உயர்த்தி, மனைவிக்குக் கேட்கும்படியே போட்டார். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டாம் தடவையும் போட வேண்டியதாயிற்று.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஆறடிக்கு மேல் உயரம். அதில் முக்கால்வாசி கால். பகலெல்லாம் "கிளட்ச்சை விடு, பிரேக்கை மிதி" என்று ஊரையே மிரட்டுகிறவர். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் ஸ்டியரிங் அம்மாள் கையில். இவருக்குப் பின்சீட்டுதான்.

போன முறை விமானத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் அவருக்கு வயிறு எரியும். டிக்கெட் என்னவோ ஜன்னல் சீட்டுக்குத்தான். ஆனால் இவர் வரிசையில் நின்று, ஊர்ந்து, உள்ளே போய்ச் சேர்வதற்குள் ஒரு குண்டு மனிதர் அங்கே உட்கார்ந்து, மடியில் குழந்தையையும் தூங்க வைத்துவிட்டார். "பாவம், விடுங்க" என்றாள் மனைவி. மாஸ்டர் நடு சீட்டில் மடங்கினார். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன. மேகம் பார்க்கப் போன மனிதர், வழி நெடுக முன்சீட்டின் முதுகைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அதான் இந்தத் தடவை அவசரக் கதவு இருக்கிற வரிசையில ஜன்னல் சீட்டாப் பாத்துப் போட்டிருக்கேன். அங்க எடம் தாராளம். உங்க அண்ணன் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நான் கால நீட்டிட்டேதான் வருவேன்."

"எனக்கு?"

"பக்கத்துல நடு சீட்டு."

"நானும்தான் இதுவரைக்கும் ஜன்னல்ல உக்காந்ததே இல்ல."

"உனக்கென்ன, அளவான காலு. எங்க வேணா அடங்கும்."

"சரி" என்றாள் அவள்.

இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய மனிதர், அந்தச் 'சரி'யைக் கேட்ட மாத்திரத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்க வேண்டும். மாஸ்டரோ வெற்றிக் களிப்பில் இன்னொரு டீ கேட்டார். முணுமுணுப்பு எதுவும் இல்லாமல் டீயும் வந்தது. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

மறுநாள் காலை மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. வாரத்தில் பாதி நாள் ஆகாயத்திலேயே குடியிருப்பவர்.

"மாஸ்டர், சீட்டுப் போட்டா மட்டும் போதாது. முதல் ஆளா ஏறி உக்காந்துடணும். இல்லேன்னா இந்தத் தடவையும் எவனாவது குழந்தையோட உக்காந்திருப்பான்."

மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு என்ன வழி?"

"முழங்கால் வலின்னு சொல்லி வீல்சேர் கேளுங்க. வரிசையாவது ஒண்ணாவது! ராஜா மாதிரி உருட்டிட்டுப் போய் முதல்ல ஏத்திடுவாங்க."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு சிக்கல்தான். மனைவிக்கு எலும்பு டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு வேலை. நொண்டுகிறவர்கள் முகத்தில்தான் தினமும் விழிக்கிறாள். அவளுக்கு முன்னால் நொண்டிக் காட்டுவது பரீட்சை அதிகாரியை உட்கார வைத்து வண்டி ஓட்டுகிற மாதிரி. ஆனாலும் மாஸ்டர் துணிந்தார். அன்றிலிருந்தே ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் காலை இழுத்து இழுத்து நடந்தார்.

"என்னங்க, நேத்து இடது கால இழுத்தீங்க. இன்னைக்கு வலது கால இழுக்கறீங்க?"

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். "அது... மாறி மாறி வருது."

"இண்டிகேட்டர் மாதிரியா?"

"கிண்டல் பண்ணாத. வலி எனக்குத்தான தெரியும்?"

"அதுவும் சரிதான்" என்றவள், கிளம்புகிற அன்று கிளினிக்கிலிருந்து ஒரு முழங்கால் பட்டையை வாங்கி வந்தாள். உள்ளே இரும்புக் கம்பி வைத்தது. தரையில் உட்கார்ந்து தன் கையாலேயே வலது காலில் இறுக்கிக் கட்டினாள். இப்பேர்ப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னலை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

போர்டிங் பாஸை முந்தின நாளே செல்போனில் எடுத்தாயிற்று. விமான நிலைய வாசலிலேயே வீல்சேர் கேட்டார்கள். வந்தது. மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார். மடியில் அவர் பை, அதன்மேல் மனைவியின் பை, அதன்மேல் அண்ணன் வீட்டுக்கு வாங்கிய குக்கர். குக்கருக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. ஊழியர் உருட்டிக்கொண்டு போய், ஒரு தூணைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

விமானம் தாமதம் என்றது ஒலிபெருக்கி. மன்னிப்பும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் தாமதம் என்று சொல்லி மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. மாஸ்டர் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கடை கடையாகச் சுற்றினாள். கேக் சாப்பிட்டாள். யாரோ ஒரு பெண்மணியோடு சிநேகமாகி, வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"எனக்கும் ஒரு காப்பி..." என்றார் மாஸ்டர், குக்கருக்குப் பின்னாலிருந்து.

"வேணாங்க. அப்புறம் பாத்ரூம் போகணும்பீங்க. இந்தக் கால வச்சிட்டு எப்படிப் போவீங்க?"

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் கடைசியில் கதவு திறந்தபோது முதல் ஆளாகப் போனவர் அவர்தான்! பாம்பாக நெளிந்து நின்ற வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ஊர்வலமாகப் போனார். காலி விமானம். காலி வரிசை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினார். நீட்டினார், நீட்டினார், எதுவுமே இடிக்கவில்லை.

பணிப்பெண் வந்தாள். முழங்கால் பட்டையைப் பார்த்தாள்.

"சார், நீங்க வீல்சேர்ல வந்தீங்களா?"

"ஆமா!" என்றார் மாஸ்டர் பெருமையாக.

"அப்ப இந்த வரிசையில உக்காரக் கூடாது சார். ஆபத்துன்னா இங்க இருக்கிறவங்கதான் கதவத் திறந்து மத்தவங்க வெளிய போக உதவணும். கால் முடியாதவங்களுக்கு இந்த சீட்டு தர மாட்டோம். கடைசி வரிசையில நடு சீட்டுக்கு மாத்திடறேன்."

மாஸ்டர் பதறி எழுந்தார். மானமா, ஜன்னலா? ஜன்னல்தான்! "எனக்குக் கால் நல்லாத்தான்மா இருக்கு! இங்க பாரு!" என்று பட்டையைப் பர்ரென்று பிய்த்தார். நடைபாதைக்கு வந்து உட்கார்ந்து எழுந்தார். குதித்தார். ஒற்றைக் காலில் நின்றார். ஏறிக்கொண்டிருந்தவர்கள் வழி கிடைக்காமல் வாய் பிளந்து நின்றார்கள். எங்கிருந்தோ யாரோ கை தட்டினார்கள்.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவர் எப்பவுமே இப்படித்தாம்மா. நான் வருத்தப்படுவேன்னு வலிய மறைச்சிட்டுச் சிரிப்பாரு. வீட்டுல ஒரு வாரமா நடக்க முடியாமத் துடிச்சாரு."

பணிப்பெண்ணுக்கும் கண் கலங்கிவிட்டது. "உங்கள மாதிரி ஒருத்தர் கிடைக்கறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும் சார்" என்று, அவரைக் கைத்தாங்கலாகப் பின்னால் அழைத்துப் போனாள். கடைசி வரிசைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். மனைவி ஜன்னலுக்கு நகர்ந்தாள்.

"அவசரம்னா கதவத் திறப்பீங்களா மேடம்?"

"வீட்டுல எல்லாக் கதவையும் நான்தாம்மா திறக்கறேன்."

விமானம் ஓடத் தொடங்கியது. கடைசி வரிசையில், கழிவறைச் சுவரோடு ஒட்டி, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்த மாஸ்டர், இல்லாத பிரேக்கை மிதி மிதியென்று மிதித்தார். அது நிற்கவில்லை.

விமானம் தரையிறங்கியதும் எல்லோரும் இறங்கிப் போனார்கள். வீல்சேர்க்காரர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்களாம். காலி விமானத்தில் மாஸ்டர் தனியாக இருந்தார். இப்போது எல்லா ஜன்னலும் காலி. வெளியே சிமென்ட் தரைதான் தெரிந்தது.

ஊழியர் அவரை உருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மனைவி காத்திருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"அப்பப்பா, எவ்வளவு மேகம்ங்க! அந்த சீட்டுல கால நீட்டினா தூக்கமே வந்துடுது."

மாஸ்டர் உடைந்துபோனார். "இதோ பாரு, உண்மையச் சொல்லிடறேன். எனக்குக் கால் வலியே இல்ல. மாடிவீட்டுக்காரன் பேச்சக் கேட்டு..."

"அவரத் திட்டாதீங்க. நான் சொல்லச் சொன்னதத்தான அவர் பாவம் இறங்கி வந்து சொன்னாரு?"

மாஸ்டர் வீல்சேரைப் பிடித்தபடி எழப் பார்த்தார். "எப்படி... உனக்கு..."

"எங்க கிளினிக்குக்கு வர்றவங்க வாரத்துக்கு ஒருத்தராவது, கால் கட்டப் பாத்துட்டு இந்த சீட்டத் தர மாட்டேன்னுட்டாங்கன்னு எங்கிட்டதான் புலம்புவாங்க."

மாஸ்டர் தன்மானத்தைத் திரட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "திரும்பி வர்றப்போ பாரு. அதே சீட்டுதான் போட்டிருக்கேன். வீல்சேரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நடந்தே ஏறுவேன்!"

"அது எப்படிங்க முடியும்? போன் பண்ணி வர்றதுக்கும் வீல்சேர் சொல்லியாச்சே" என்ற மனைவி, பையிலிருந்து இன்னொரு பட்டையை வெளியே எடுத்தாள்.

"இடது கால நீட்டுங்க."