வாக்கர் உருள ஒரு தரை

சான் லூயிஸ், சொனோரா
ஜூன் மாதம், காற்று சற்றே ஓய்ந்திருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மதினி கொர்னேலியா அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஒத்திலியாவின் கணவன் எலியோதோரோ பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், நாய் கபித்தானும், முற்றத்துச் சீமைக்கருவேல மரமும் உயிரோடு இருக்கிறோம். அங்கே என்செனாதாவில் கடற்காற்றும் தங்கள் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று அறிய விரும்புகிறேன். ஒத்திலியாவின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று அறிய அதைவிட அதிகமாக விரும்புகிறேன். போனில் கேட்கலாம்தான். ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் நீங்கள்தான் எடுக்கிறீர்கள். அவள் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருடம் என் பக்கத்தில் கோழித்தூக்கம் தூங்கியவள் உங்கள் வீட்டில் இப்படித் தூங்குகிறாள் என்றால் கடற்காற்று நல்ல காற்றுதான். ஆகவே கடிதம். அவளுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல் என்பதால் நீங்கள்தான் இதை உரக்கப் படிக்க வேண்டியிருக்கும். கம்பளியைப் பற்றி வரும் இடத்தில் மட்டும் இருமுவதுபோல் இருமிவிட்டுத் தாண்டிவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தரை போட்டாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஒத்திலியாவை அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியில் அவள் முற்றத்து மணலில் கால் புதைந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரி வாசலில் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "மணலு கிடக்கிற வீட்டுக்கு என் தங்கச்சி திரும்பி வரமாட்டா. வாக்கர் உருள்ற மாதிரி ஒரு தரையப் போடு, அப்புறம் வந்து கேளு." அதற்கு நான், "பாலைவனத்துல மணலு இல்லாம கடலா இருக்கும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கடல் இருக்கிற ஊருக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

கொத்தனார் நசாரியோவை உங்களுக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் சிமெண்ட் விலை ஏறிவிடுமோ என்பதுபோல் பேசுகிற ஆள். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வெயிலக்கூடத் தரை கொஞ்சம் பொறுத்துக்கும், காத்த பொறுக்காது. ஈரத்த மேலாக நக்கி எடுத்துட்டுப் போயிடும், தரை வாயப் பொளந்துடும். காத்தில்லாத நாளாப் பாத்துச் சொல்லுங்க" என்றார். சான் லூயிஸில் காற்றில்லாத நாளுக்கு நான் எங்கே போவேன்? பக்கத்து வீட்டுப் பௌலீனோ இருக்கிறானே, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், தன் இடது காதுக்குக் காற்று முன்கூட்டியே கேட்கும் என்கிறவன், அவன்தான் போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வேலிக்கு மேலே தலையை நீட்டி, "நாளைக்கு அசையாது மாமு, என் காது சொல்லுது" என்றான். அந்தக் காது பஸ் எஞ்சின் சத்தத்தில் பாதி செத்துப்போனது என்று தெரிந்தும் நம்பினேன். ஐந்து மாதமாகத் தனியாக இருப்பவன் எதையும் நம்புவான் மதினி.

நசாரியோவிடம் நான் ஒரே ஒரு கட்டளைதான் போட்டேன். முற்றத்துத் தரையும் அடுக்களைத் தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், நடுவே படி என்ற பேச்சே கூடாது. அவர் தலையைச் சொறிந்தார். "அம்மாம் உசரமா? மழை பெஞ்சா தண்ணி உள்ளாற போவுமே." "இந்த ஊர்ல மழை பெஞ்சத நீ பாத்திருக்கியா? என் பொஞ்சாதி கால தூக்கவே வேண்டாம்யா, அவ்வளவுதான்" என்றேன். "உங்க வீடு, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம் அவர் தன் கருத்து எதையும் வெளியே விடவில்லை. விட்டிருக்கலாம்.

சனிக்கிழமை இருட்டோடு இருட்டாக அவரும் அவருடைய இரண்டு மச்சான்களும் வந்துவிட்டார்கள். மண்ணைத் தண்ணீர் விட்டு நனைத்தார்கள், கலவை மெஷின் சுற்ற ஆரம்பித்தது, பௌலீனோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு மேற்பார்வை பார்த்தான். கான்கிரீட் போட வந்தவர்களுக்கு வீட்டுக்காரன் வயிறாரப் போட வேண்டும், அதுவும் நம் சொனோராவில் கரியில் சுட்ட மாட்டுக்கறி இல்லாமல் தரை போட்டவன் ஊரில் தலைகாட்ட முடியாது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒத்திலியா இருந்திருந்தால் எப்போது நெருப்பு மூட்ட வேண்டும் என்று அவள் சொல்லியிருப்பாள். அவள் இல்லை. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. முதல் தள்ளுவண்டிக் கலவை விழுந்ததுமே நெருப்பை மூட்டிவிட்டேன். இலை விரிக்க, அதாவது ரொட்டியும் மிளகாய்த் துவையலும் வெங்காயமும் பரப்ப, ஒரு மேசை வேண்டுமே? அடுக்களை மேசையை வெளியே இழுத்தால் ஒத்திலியா சண்டைக்கு வருவாள். அவள் இல்லாவிட்டாலும் அதைத் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அடுக்களையின் இரும்புக் கதவைக் கீலிலிருந்து தூக்கி எடுத்து, இரண்டு பீப்பாய்மேல் படுக்கவைத்தேன். அருமையான மேசை. எல்லோரும் பாராட்டினார்கள்.

தரை மரத்தடி வரைக்கும் வந்து, மட்டப்பலகை இழுத்து, கரணை வைத்துத் தேய்க்க வேண்டிய நேரம். சூரியன் வேலிக்கு மேலே வந்துவிட்டது. "இப்ப ஒருத்தனும் நகரக்கூடாது" என்றார் நசாரியோ. அந்த நிமிஷம் பார்த்துக் கறி பதத்துக்கு வந்தது. மதினி, நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர், சொல்லுங்கள், கறி பதத்துக்கு வந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? கொழுப்பு சொட்டிக் கரியில் விழுகிறது, வாசனை எழும்புகிறது, மச்சான்கள் இருவரின் கரணையும் மெதுவாகிறது. பௌலீனோ ஒரு கோதுமை ரொட்டியில் கறியைச் சுருட்டி நசாரியோவின் மூக்குக்கு நேரே நீட்டி, "ஆறிப்போன கறிய மனுசன் தின்பானா? ஒண்ணே ஒண்ணுய்யா" என்றான். நானும், "ஒண்ணு தின்னுட்டுப் போங்க, தரை எங்க ஓடிடப் போவுது" என்றேன். அப்படித்தான் சொன்னேன். ஒன்று இரண்டாயிற்று, பீர் வந்தது, அப்போது பௌலீனோவின் காதுக்குக் கேட்காத அந்தக் காற்றும் வந்தது. மேற்கே மணல்மேட்டிலிருந்து அடுப்பு வாயைத் திறந்த மாதிரி ஒரே மூச்சு. நசாரியோ ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அதற்குள் தரையெல்லாம் கீறல். தண்ணீர் தெளித்துத் தேய்த்தார்கள், முட்டி போட்டுத் தேய்த்தார்கள், கீறல் மறைகிற மாதிரி மறைந்து மறுபடி வந்தது. நசாரியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அடக்கத்துக்கு வந்தவர் மாதிரி. பௌலீனோ மட்டும் விரலால் ஒவ்வொரு கீறலாகச் சுட்டிக் காட்டி, "இந்தா இது கொலராதோ ஆறு, இது அதோட வாய்க்கா. நெசமான ஆத்துல தண்ணி இல்ல, உங்க வீட்டுலயாச்சும் ஓடுது" என்றான். அவன் நாற்காலியை நான் உதைத்தது உண்மைதான். அவன் அதில் உட்கார்ந்திருந்ததும் உண்மைதான்.

(இங்கே இருமுங்கள்.) ஒரு வாரத்துக்குத் தரையை மூடி ஈரம் காயாமல் வைக்க வேண்டும் என்றார் நசாரியோ. சாக்கு இருந்தவரை போட்டேன். போதவில்லை. வீட்டிலிருந்த கம்பளி அத்தனையும் போட்டேன், போர்வை போட்டேன், கடைசியில் புலிப் படம் போட்ட கம்பளியையும் போட்டேன். ஆமாம், கல்யாணத்துக்கு வந்ததே, அதே புலி. நனைத்து விரித்து ஓரத்தில் செங்கல் வைத்தேன். மறுநாள் அடித்த காற்றில் புலி செங்கலை உதறிவிட்டுப் பறந்து பௌலீனோவின் கூரையில் போய் உட்கார்ந்தது, கபித்தான் அதைப் பார்த்துச் சாயங்காலம் வரை குரைத்தான். இறக்கிக் கொண்டுவந்து பார்த்தால் புலிக்கு ஒரு பக்கம் முடியே இல்லை. எல்லாம் தரையில் ஒட்டியிருக்கிறது. மரத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்துக்கு நம் முற்றத்துக்கு மீசை முளைத்த மாதிரி இருக்கிறது. சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. (இனி இரும வேண்டாம்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை அவளுக்குப் படிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒத்திலியா முற்றத்து மண்ணுக்குத் தண்ணீர் தெளிப்பாளே, தெளித்துவிட்டு இரண்டு நாற்காலி போடுவாளே, அந்த நேரத்தில் நான் கம்பளிகளின் மேல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் விழுகிறது, விழுகிறது, வாசனையே வரவில்லை. மண்வாசனை வரும் வரும் என்று மூக்கை வைத்துக்கொண்டு ஒரு கிழவன் நிற்கிறேன், நனைந்த கம்பளி நாற்றம்தான் வருகிறது. அவளை வரவழைப்பதற்காக அவளுக்குப் பிடித்ததை நானே மூடிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. அழுதேன். பௌலீனோ வேலிக்கு மேலே பார்த்துவிட்டு தலையை இழுத்துக்கொண்டான். நல்லவேளை, மரத்தடியில் வேருக்காக ஒரு வட்டம் மண்ணை விட்டிருக்கிறோம். இரண்டு நாற்காலி அதன் ஓரத்தில் தாராளமாகப் போடலாம். அதில் அவள் தெளிக்கட்டும்.

நேற்று நசாரியோ வந்து பார்த்தார். கீறல் தோலோடு சரி, எலும்புக்குப் போகவில்லை, சக்கரம் தடுக்காது என்றார். மூலைக் கடையில் கேட்டுச் சாமான் வண்டி ஒன்றை வாங்கிவந்து, அதில் ஒத்திலியாவின் எடைக்குச் சிமெண்ட் மூட்டை வைத்து (உத்தேசமாகத்தான், அவளிடம் இதைச் சொல்லாதீர்கள்) வாசல் கேட்டிலிருந்து அடுக்களை வரைக்கும் தள்ளினேன். மீசை இருக்கும் இடத்தில் கொஞ்சம் முனகியது. மற்றபடி வெண்ணெயில் போகிற மாதிரி போயிற்று. அடுக்களைக்குள் அது பாட்டுக்கு நுழைந்து அடுப்பின் முன்னால் நின்றது. அவள் நிற்கிற இடத்தில் போய் நின்றது மதினி.

ஆகவே உங்கள் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில், வலது பக்கம் சாய்ந்து உட்காரும்படி அனுப்பிவையுங்கள். நான் பஸ் நிலையத்தில் காலையிலிருந்தே நிற்பேன். குவாதலூப்பே மாதா உங்கள் முழங்காலையும் உங்கள் வீட்டுக் கூரையையும் காக்கட்டும். நான் ஆஸ்பத்திரி வாசலில் பேசியதை உங்கள் ஊர்க் கடலில் போட்டுவிடுங்கள், அதற்கு இடமிருக்கும்.

என்றும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை வீட்டுக்காரன்,
எலியோதோரோ

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுத்தான் கதவை மாட்டப் போனேன், இப்போது உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். அந்த இரும்புக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எனக்கு இல்லை. நசாரியோவுக்கும் இருந்திருக்க வழியில்லை, அவர் கலவை கொட்டியபோதெல்லாம் அது மேசையாக இருந்தது. கதவின் அடி பழைய படியை மறைத்துத் தொங்கும், புதுத் தரை அதைவிட இரண்டு விரல் உயரம். கதவு கீலில் உட்காரவே மாட்டேன் என்கிறது. "அடிய வெட்டிடு" என்கிறான் பௌலீனோ. வெட்டத் தெரிந்த நசாரியோ அடுத்த மாதம் வரை மெக்சிகாலியில் வேலைக்குப் போய்விட்டார். இத்தனை நாள் அந்த வாசலை மறைத்துக் கட்டியிருந்த பாயை அவிழ்த்துவிட்டு நானும் பௌலீனோவும் மத்தியானம் முழுக்கக் கதவோடு மல்லுக்கட்டினோம், அந்நேரம் பார்த்துக் காற்று எழும்பியது. முற்றத்தில் இப்போது ஒரு பொட்டு மணல் இல்லை மதினி. எல்லாம் அடுக்களை வழியாக வீட்டுக்குள் போய்விட்டது. அடுப்பில், காப்பிப் பாத்திரத்தில், அவள் தலையணையில். எனவே ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்ப வேண்டாம். உங்கள் வாக்குப்படி, மணல் கிடக்கிற வீடுதான் இது.

ஆனால் ஒன்று. கீழே இருக்கும் வரியை மட்டும் இருமாமல், அவள் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பி, படித்துக் காட்டுங்கள்.

ஒத்திலியா, படி இல்லை, கதவும் இல்லை. நீ எப்போது வந்தாலும் தட்ட வேண்டாம்.