செவ்வரை நாடு விலகிக்கொண்டது

ஏழு நாடுகள் ஒன்றுகூடி, ஒருவர் நாட்டில் மற்றவர் தடையின்றிக் குடியேறலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று செவ்வரை. அதன் தலைநகரில், ஒரே அறையில் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்தன. நடுவே ஒரு பழைய புடவை தொங்கியது. இந்தப் பக்கம் சாயப்பட்டறையில் வேலை செய்த தில்லைக்கரசியும் அவள் கணவனும். ஜன்னல் இருந்த அந்தப் பக்கம், அண்டை நாட்டிலிருந்து வந்த மிராந்தியும் அவளுடைய மூன்று பிள்ளைகளும்.

தில்லைக்கரசி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அறையில் தொட்டில் கட்ட இடமில்லை. மருத்துவமனையில் பெயர் பதியவே மூன்று நாள் வரிசையில் நின்றாள். நகரில் ஜனம் இரண்டு மடங்காகியிருந்தது. அரசோ பதினைந்து ஆண்டுகளாக ஒரு வீடும் கட்டவில்லை, மருத்துவமனையில் ஒரு கட்டிலும் கூட்டவில்லை.

அந்த ஏழு நாட்டுக் கூட்டமைப்பில் இருப்பதா, விலகுவதா என்று வாக்கெடுப்பு வந்தது. இருப்பிடத்துறை அமைச்சர் குலசிகாமணியார் மேடையேறினார்.

"பெருமக்களே, நெரிசலுக்குக் காரணம் வீட்டுக் குறைவு அன்று, ஆள் மிகுதி!"

தில்லைக்கரசி விலகலுக்கே வாக்களித்தாள். விலகலே வென்றது; வெளிநாட்டார் வெளியேற வேண்டியதாயிற்று. மிராந்தி மூட்டை கட்டியபோது தில்லைக்கரசியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மனசுல எதுவும் வச்சுக்காத மிராந்தி. தொட்டில் கட்டணும்ல..."

"தெரியும்க்கா. ஜன்னல் பக்கமாவே கட்டுங்க. பிள்ளைக்குக் காத்து வரும்."

மறுநாளே அரசு ஊழியர்கள் வந்து, புடவை தொங்கிய இடத்தில் சுவர் எழுப்பினார்கள். காலியான பாதி அரசுடைமை என்று ஆணை. ஜன்னல் சுவருக்கு அப்பால் போய்விட்டது.

மருத்துவமனையிலும் அறுபது கட்டில்கள் முப்பதாயின. ஏன் என்று தில்லைக்கரசியின் கணவன் கண்காணிப்பாளரிடம் கேட்டான்.

"ஆளுங்க பாதியா குறைஞ்சுட்டாங்கல்ல? கட்டிலும் குறைஞ்சாதானே விகிதம் சரியா இருக்கும்?" என்றார் அவர் பொறுமையாக.

தில்லைக்கரசி வராந்தாவில், தரையில் விரித்த பாயில், பெண் குழந்தை பெற்றாள்.

வரிசைகள் முன்போலவே நீண்டன. அமைச்சர் ஆராய்ந்து அறிவித்தார்: "எல்லைகளை மூடிய பின்னும் புதியவர்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். ஆகவே, வாக்கெடுப்புக்குப் பிறகு நாட்டுக்குள் வந்த எவரும், எவ்வழியில் வந்திருந்தாலும், தங்குவதற்கு அனுமதி பெற வேண்டும்."

பதினோராம் நாள், உடம்பு தேறுமுன்பே, தில்லைக்கரசி குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடியேற்ற அலுவலகத்துக்குப் போனாள். முன்னும் பின்னும் பச்சைக் குழந்தைகளோடு பெண்கள். அவள் முறை வந்ததும் எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்.

"எப்ப வந்தது?"

"பதினோரு நாளாச்சுங்க."

"அதுக்கு முன்னாடி எங்க இருந்தது?"

தில்லைக்கரசிக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. பிறகு சொன்னாள்: "எங்கிட்டதாங்க இருந்துச்சு."

"அது ஒரு நாடு இல்லையேம்மா." எழுத்தர் உண்மையாகவே வருந்தினார். 'திருப்பி அனுப்ப இடமில்லை' என்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். "ஆறு மாசம் தங்கலாம்."

அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "அதுக்கப்புறம்?"

"அதை மக்கள் வாக்களிச்சு முடிவு பண்ணுவாங்க. அடுத்தவங்க வாங்க."