பிரிண்டர் கொண்டான்

காவிரியும் கொள்ளிடமும் இரு கரம் நீட்டி அணைக்கும் திருவரங்கப் பெருந்தீவில், இரத்தப் பரிசோதனை நிலையமொன்றின் கணினிக் காவலனாய் விளங்கியவனும், அடையாள அட்டையை ஆரமாய்ப் பூண்டவனும், கைப்பேசி இரண்டு உடையவனும், தன் பிழையைத் தன் வாயால் ஒருநாளும் உரைத்தறியாதவனுமாகிய சிவசங்கரின் திருநாமம் ஓங்குக!

எவரும் வேண்டாதிருந்தும், கே.கே. நகர்த் தலைமை நிலையத்தில் நன்றாய் ஓடிக்கொண்டிருந்த சர்வரை அரியணை இறக்கி, புதிய பதிப்புச் சர்வருக்கு ஞாயிறன்று முடிசூட்டியவன் இவனே. ஸ்ரீரங்கக் கிளையிலோ பழைய பதிப்பே கோலோச்சியது. "பிரிண்டர் ஓடுமா சார்?" என்று வரவேற்பில் இருந்த மணிமேகலை கேட்டதற்கு, "அதெல்லாம் தானா எடுத்துக்கும்" என்று திருவாய் மலர்ந்தான்.

எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கள் காலை, தலைமை நிலையத்திலிருந்து வந்த ரிப்போர்ட்டுகள் ஸ்ரீரங்கத்துப் பிரிண்டரில் வெறும் கட்டங்களாகவும் கொக்கிகளாகவும், யானை புகுந்த வயலெனச் சிதைந்து வெளிப்பட்டன. முன்வரிசையில் அமர்ந்திருந்த துறையூர்க் காளியாயி எழுந்து வந்தார்.

"தம்பி, நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். அவரு ரிப்போர்ட்டப் பாத்துட்டுத்தான் மயக்க மருந்தே குடுப்பாங்களாம். இருட்டுறதுக்குள்ள ஊருக்குப் போகணும்."

"அஞ்சு நிமிஷம் உக்காருங்கம்மா" என்றருளி, கண்ணாடி அறைக்குள் புகுந்து கதவடைத்தான் காவலன்.

மூண்டது பெரும்போர். கணினியின் சொல்லைப் பிரிண்டருக்கு எடுத்துரைக்கும் தூதன் டிரைவர் எனப்படுவான். அத்தூதருள் பழையவனைப் புதிய சர்வரிடம் விடுத்தான், "காலாவதியானவன்" என்று அது கதவடைத்தது. புதியவனைப் பழைய சர்வரிடம் விடுத்தான், "இவன் மொழி யாம் அறியோம்" என்று அதுவும் திருப்பியனுப்பியது. இருவரையும் ஒருங்கே ஏவினான், பிரிண்டர் வெற்றுத் தாளாய்க் கக்கித் தீர்த்தது. கேபிளைப் பழித்தான். மின்வாரியத்தைப் பழித்தான். இப்பிரிண்டரை மாற்றுமாறு அன்றே தான் சொன்னதாய், ஒருநாளும் சொல்லாத சொல்லை உறுதியாய் உரைத்தான்.

"கே.கே. நகர்ல பழைய சர்வரையே திரும்ப மாட்டிடலாமே சார்?" என்றாள் மணிமேகலை.

மாட்டலாம். மாட்டினால், எதற்குக் கழற்றினாய் என்று முதலாளி வினவுவார். அவ்வொரு வினாவை எண்ணியே வீரன் அவ்வழியை ஒதுக்கினான். காளியாயியின் கணவரை அவன் நெஞ்சம் ஒருகணமும் எண்ணிற்றில்லை. "உங்களுக்குப் புரியாதுங்க" என்று கூறி மீண்டும் களம் புகுந்தான்.

வெயில் சாய்ந்தது. காலை முதல் திரையில் ஓலமிட்டுத் தோன்றிய எச்சரிக்கையொன்றை, ஈயை ஓட்டுவதுபோல் மூடிமூடி வந்தவன், கை ஓய்ந்தபின் முதன்முறையாகப் படித்தான். இரு சர்வரிலும் ஒரே டிரைவர், இரண்டு பதிப்பும் ஏற்கும் டிரைவர் இருத்தல் வேண்டும் என்று அது தெளிவாய்ச் சொல்லிற்று. அத்தகைய பொதுத்தூதன், பிரிண்டர் செய்தவர்களின் இணையதளத்தில் எவரும் எடுத்துக்கொள்ளக் கிடந்தான். ஏற்றினான். பழையன களைந்தான். பொத்தானை அழுத்தினான்.

எழுத்து எழுத்தாய், பிழையொன்றின்றி, இளஞ்சூட்டோடு பிறந்தது ரிப்போர்ட்! இரு பதிப்புகளை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த பேரரசன், அத்தாளை வெற்றிக்கொடியென உயர்த்தி, கண்ணாடிக் கதவைத் திறந்து, "எங்க அந்தம்மா? வரச் சொல்லுங்க" என்று முழங்கினான்.

திரையில் தெளிவாகவே இருந்த ரிப்போர்ட்டை மணிமேகலை மத்தியானமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டதால், எதிர் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு காளியாயி துறையூர் பஸ் ஏறிப் போயிருந்தார்.