பெண் பார்க்கப் போன இடத்தில் ஆறாம் மாத ஸ்கேன்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது "ஓடிபி வரலையே" என்று முனகினால் உடனே என் நம்பரைக் கொடுத்துவிடுவேன். (தாராள மனசு என்று நான் நினைத்திருந்தேன். கிறுக்கு என்று அம்மா சொல்லுவாள்.)

தாராவியில் எங்கள் சந்துக்கு அரசாங்க ஹெல்த் கார்டு முகாம் வந்தபோது நான்தான் முன்னால் நின்றேன். கார்டு எடுத்தால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் போனிலேயே வந்துவிடும். பழைய சீட்டுகளைப் பையில் சுமக்க வேண்டாம். ஆனால் ஆளுக்கொரு நம்பர் வேண்டும். சிலருக்கு ரீசார்ஜ் தீர்ந்திருந்தது, சிலருடைய போன் மகனிடம் இருந்தது. பதினோரு பேருக்கு என் நம்பரையே கொடுத்தேன். அன்று எனக்குக் கிடைத்த மரியாதை எங்கள் கவுன்சிலருக்குக்கூடக் கிடைத்ததில்லை.

ரிப்போர்ட்டுகள் வர ஆரம்பித்தன. அடுத்தவர் ரிப்போர்ட்டைப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பார்த்தேன். இனிப்பையே தொடுவதில்லை என்று சத்தியம் செய்யும் டெய்லர் அண்ணனுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல அவரோடு டீ குடிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் பம்பாயிலேயே இன்னொரு மூலையில் இருக்கும் சீத்தா கேம்ப்புக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பியூலா, செம்பூரில் ஒரு லேபில் வேலை. இவள் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று ஐந்தே நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டேன். அவள் அப்பா சாமுவேல் மாமா, ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"தம்பிக்கு உடம்புக்கு ஒண்ணும் கிடையாதுல்லா?" என்று கேட்டார்.

"இல்லை" என்று சொல்லியிருந்தால் போதும். "நீங்களே பாருங்க மாமா, எல்லாம் இதுல இருக்கு" என்று போனை நீட்டினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு மெசேஜ் வந்தது. மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதை அழுத்தினார்.

"ஆறாம் மாச ஸ்கேனு," என்று நிதானமாகப் படித்தார். "பேரு மேரி. வயசு இருபத்தாறு. தாராவி." நிமிர்ந்து பார்த்தார். "உம்ம போனுக்குல்லா வந்திருக்கு? யாருவே இந்த மேரி?"

"பக்கத்து வீட்டு அக்கா, மாமா! அவங்க வீட்டுக்காரரு கப்பல்ல இருக்காரு!"

(உண்மையைச் சொல்லி இவ்வளவு மோசமாக மாட்டிக்கொண்டவன் பம்பாயில் வேறு யாரும் இருக்கமாட்டான்.)

"புருஷன் கப்பல்ல. ஸ்கேனு உம்ம போன்ல," என்றார் மாமா. "பியூலா, எந்திச்சு உள்ள போ."

பியூலா போகவில்லை. போனை வாங்கி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். "கண்புரை, அறுபத்தெட்டு வயசு. மூட்டுவலி. சுகரு. எப்பா, இதுல பதினோரு பேரு இருக்காவ. கார்டு எடுக்கையில எல்லாத்துக்கும் இவரு நம்பரயே குடுத்திருக்காரு. எங்க லேபுக்கும் தினம் இப்படி ஒரு ஆளு வருவாரு."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"எல்லாத்தயும் நீங்க படிப்பீங்களோ?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "படிப்பேன்" என்று வந்தது.

"மேரி அக்காவுக்கு அது தெரியுமா?"

தெரியாது. மாமா கேட்டபோது வராத வெட்கம் அப்போது வந்தது. என்னை நம்பி நம்பரை வாங்கியவர்களின் உடம்பை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"அவங்கவங்க நம்பர மாத்திக் குடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்," என்றாள்.

வீடு வீடாகப் போய், படித்ததையும் ஒப்புக்கொண்டு, நம்பரை மாற்றிக் கொடுத்தேன். மேரி அக்கா என் தலையில் குட்டினாள். டெய்லர் அண்ணன் ஒரு மாதம் பேசவில்லை. பதினோராவது கார்டும் மாறிய பிறகுதான் பியூலா சம்மதம் சொன்னாள்.

போன வருஷம் பியூலாவுக்கு ஆறாம் மாத ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் அவள் போனுக்குத்தான் வந்தது. அரைமணி நேரம் கெஞ்சிய பிறகே காட்டினாள். சந்தோஷத்தில் உடனே மாமாவுக்கு போன் செய்தேன்.

"மாமா, ஆறாம் மாச ஸ்கேன் வந்துட்டு! எல்லாம் நல்லாருக்கு!"

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"யாருக்குவே?" என்றார் மாமா.